நெற்றிக்கண் யாருடையது?

சிவனுடைய நெற்றிக்கண் சிவனுடையதே இல்லை என்று எனக்கு முதலில் சொன்னவர் என் அத்தை. அப்பாவுக்கு மூத்தவர். செட்டிகுளத்தில் அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுத்துக்கொண்டிருந்தோம். பட்டறை போடுவதற்கு முன் செய்கிற வேலை. எங்கள் ஊரில் வெங்காய நடவு, களையெடுப்பு, தாள் அறுப்பு எல்லாம் பெண்கள் வேலை. விலை பேசுவதும் பணம் எண்ணுவதும் மட்டும் ஆண்களுக்கு. கை ஓடும்போது வாய் சும்மா இருக்காது. கதை வரும்.

உலகம் உண்டாவதற்கு முன்னால் ஆதிசக்தி ஒருத்திதான் இருந்தாளாம். தனியாக இருக்கப் பிடிக்காமல் மூன்று பேரைப் படைத்தாள். அவர்கள் ஆளானதும் பிரம்மாவைக் கூப்பிட்டு என்னைக் கட்டிக்கொள் என்றாள். நீ எனக்குத் தாய், மாட்டேன் என்றான். நெற்றிக்கண்ணைத் திறந்தாள், சாம்பலானான். விஷ்ணுவும் அதையே சொன்னான், அவனும் சாம்பலானான். மூன்றாவது ஆள் மறுக்கவில்லை. கட்டிக்கொள்கிறேன், அதற்கு முன்னால் அந்த நெற்றிக்கண்ணை எனக்குக் கொடு என்றான். அவள் எடுத்துக் கொடுத்தாள். வாங்கித் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு அவன் முதலில் பார்த்தது அவளைத்தான். எரிந்துபோனாள். பிறகு மற்ற இருவரையும் எழுப்பினான். மூவரும் சேர்ந்து அவள் சாம்பலை மூன்று குவியலாகப் பிரித்தார்கள். மூன்று பேருக்கும் மூன்று பெண்டாட்டிகள் கிடைத்தார்கள்.

"மிச்சச் சாம்பல் என்னாச்சு அத்தை?"

"காத்துல பறந்துச்சு. பறந்துபோயி ஊருக்கு ஊரு எல்லையில விழுந்துச்சு. விழுந்த எடத்துல எல்லாம் ஒரு அம்மன்."

இது அத்தை இட்டுக்கட்டிய கதை அல்ல. தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் சின்னச் சின்ன வேறுபாடுகளோடு சொல்லப்படுகிற படைப்புக் கதைதான். சென்னையில் பிஷப்பாக இருந்த ஹென்றி ஒயிட்ஹெட் 1916-ல் வெளியிட்ட தென்னிந்தியக் கிராம தெய்வங்கள் பற்றிய நூலில், அம்மவாரு என்ற தேவி முட்டையிட்டு மும்மூர்த்திகளையும் பொரித்த தெலுங்குக் கதை ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். கிராமத்துப் பெண்களுக்குத் தெரிந்த இந்தக் கதை என் வகுப்பில் உட்காரும் மாணவிகளுக்குத் தெரியவில்லை. அவர்கள் கெட்டிக்காரிகள். ஆங்கிலத்தில் தடிதடியாக மாயாஜால நாவல்கள் படிக்கிறார்கள். ஏதோ ஓர் உலகத்தைத் தெய்வங்கள் படைத்துவிட்டுப் போகின்றன, தங்கள் மந்திர சக்தியைக் கத்தியிலோ கல்லிலோ விட்டுவிட்டுப் போகின்றன, ஒரு பையன் அதைக் கண்டெடுக்கிறான். அந்த உலகங்களின் வரைபடம்கூட அவர்களுக்கு மனப்பாடம். நான் அதைக் குறை சொல்லவில்லை, நல்ல கதை எங்கிருந்து வந்தாலும் நல்ல கதைதான். ஆனால் நம்மைப் படைத்தவள் விட்டுப்போன சக்தி எங்கே போனது, இப்போது யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியை அவர்களிடம் யாரும் கேட்டதே இல்லை. அதைத்தான் இங்கே கேட்கிறேன்.

கதையில் என்னை உறுத்துவது அவள் எரிந்துபோனது அல்ல. கொடுத்தது. அந்தக் கண்ணை யாரும் திருடவில்லை, போரிட்டுப் பிடுங்கவில்லை. கல்யாணத்துக்கு முன் ஒரு நிபந்தனை போட்டார்கள், அவள் கழற்றிக் கொடுத்தாள். உலகத்தின் முதல் வரதட்சணை என்று இதைச் சொல்லலாம். அதற்குப் பிறகு அவளைக் கொளுத்தினார்கள். அந்த வரிசையும் நமக்குப் பழகியதுதான்.

செட்டிகுளத்துக்காரர்களுக்கு இன்னொன்றும் தெரியும். எங்கள் மலைமேல் இருக்கும் தண்டாயுதபாணி கையில் கரும்பு வைத்திருக்கிறார். வேறெங்கும் இப்படிப் பார்க்க முடியாது என்று பங்குனி உத்திரத்துக்கு வரும் வெளியூர்க்காரர்களிடம் பெருமையாகச் சொல்வோம். கீழே ஊருக்குள் ஏகாம்பரேசுவரர் கோயில், அம்பாள் பெயர் காமாட்சி. காஞ்சிபுரத்துக் காமாட்சி கையில் கரும்பு வில் உண்டு. சிறுபிள்ளையாக இருந்தபோது இதை முடிச்சுப் போட்டு, அந்தக் கரும்பு அம்மாவுடையதா, அவர் எப்போது வாங்கினார் என்று அப்பாயியைக் கேட்டேன். "மகன் கேட்டா குடுக்காம இருப்பாளா?" என்றார் அப்பாயி. தலபுராணத்தில் இதற்கு வேறு காரணம் சொல்வார்கள். எனக்கு அப்பாயியின் பதில்தான் நினைவில் நிற்கிறது.

ஆலத்தூர் கேட் வந்து பெரம்பலூர் பஸ் ஏறினால் வழியில் சிறுவாச்சூர். மதுரகாளியம்மன் கோயில் வாரத்தில் திங்களும் வெள்ளியும் மட்டுமே திறந்திருக்கும், விசேஷ நாட்கள் தவிர. ஏன் இரண்டு நாள் என்று கேட்டால் ஒரு கதை சொல்வார்கள். அந்த இடம் முதலில் செல்லியம்மனுடையது. மந்திரவாதி ஒருவன் தன் மந்திரத்தால் அவளைக் கட்டிப்போட்டு, அவள் சக்தியையே ஏவித் தன் கெட்ட காரியங்களைச் செய்துகொண்டிருந்தான். மதுரையை எரித்துவிட்டு ஆறாத கோபத்தோடு வடக்கே நடந்துவந்த கண்ணகி, ராத்திரி தங்க இடம் கேட்டு அந்த வாசலில் நின்றாள். செல்லி தன் கதையைச் சொன்னாள். வந்தவள் அங்கேயே இருந்து மந்திரவாதியைக் கொன்றாள். செல்லி தன் இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் பெரியசாமி மலைக்குப் போய்விட்டாள். மதுரகாளி திங்களும் வெள்ளியும் இங்கே, மற்ற நாட்களில் மலையில் செல்லியோடு.

அம்மனின் வீரத்துக்காகத்தான் எல்லோரும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். நான் அதில் மந்திரவாதியைப் பார்க்கிறேன். அவனுக்குச் சொந்தமாக எந்தச் சக்தியும் இல்லை. அவன் செய்ததெல்லாம் அவள் சக்தியால் செய்தது. அவள் பெயரைச் சொல்லி, அவள் சக்தியைக் கூலியில்லா வேலையாக வாங்கி, பயத்தைத் தன் பெயருக்கு வரவு வைத்துக்கொண்டவன். தாழ்வாரத்தில் தாள் அறுப்பவர்களுக்கும் திண்ணையில் விலை பேசுபவர்களுக்கும் உள்ள ஏற்பாடும் இதே மாதிரிதான். இன்னொன்றையும் பார்க்கிறேன். செல்லியை விடுவித்தவன் அவதார புருஷன் எவனும் அல்ல. புருஷனை இழந்து, முலை அறுத்து, ராத்திரிக்கு ஒண்ட இடமில்லாமல் வந்த ஒருத்தி. இரண்டு பெண்களும் தங்களுக்குள் பேசி வீட்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு பெண் சொந்தக்காரிகள், சண்டையில்லாமல். எங்கள் மாவட்டத்தில் எந்தப் பத்திரப்பதிவு அலுவலகத்திலும் பார்க்கக் கிடைக்காத காட்சி.

1995-ல் தெலுங்கில் 'அம்மோரு' என்று வந்து, தமிழில் 'அம்மன்' என்று ஓடிய படத்தை இப்போதும் டிவியில் போடுகிறார்கள். அதிலும் மந்திரவாதிதான் வில்லன். பக்தையைக் காப்பாற்ற அம்மன் வருகிறாள். எப்படி வருகிறாள்? வேலைக்காரச் சிறுமியாக. உலகத்தைப் படைத்தவளே வந்தாலும் நம் வீட்டுக்குள் அவளுக்கு ஒதுக்கியிருக்கிற இடம் அதுதான்.

சாம்பல் விழுந்த இடமெல்லாம் சக்தி முளைத்தது என்றால், அது பெண்களிடம் வந்து என்ன ஆனது? நம் கதைகளில் பெண்ணுக்குக் கொஞ்சம் மந்திரம் உண்டு. ஆனால் என்ன மந்திரம், எதற்கு என்று பாருங்கள். ரேணுகா ஆற்று மணலைக் குடமாகப் பிடித்துத் தண்ணீர் கொண்டுவருவாள். அத்தனை பெரிய தவ சக்தி, அதன் பயன் வீட்டுக்குத் தண்ணீர் சுமப்பது. ஒரு நாள் தண்ணீரில் கந்தர்வன் நிழலைப் பார்த்து ஒரு நொடி மனம் அசைந்தது, குடம் கரைந்தது, மகனே தலையை வெட்டினான். நளாயினி சூரியனை உதிக்காமல் நிறுத்தினாள், தொழுநோய்க் கணவன் உயிர் போகாமல் இருக்க. அதற்கு முன்னால் அவனைக் கூடையில் சுமந்து தாசி வீட்டுக்குக் கொண்டுபோனவளும் அவள்தான். கண்ணகியின் நெருப்புக்கும் கற்பு என்ற ரசீது வேண்டியிருந்தது. ஆண் தவம் செய்தால் வரம் அவன் சொத்து. பெண்ணுக்குக் கிடைத்தால் அது குத்தகை. நிபந்தனை மீறினால் ரத்து.

காரைக்காலில் புனிதவதி ஒரு மாம்பழத்தை வரவழைத்தாள். கணவனுக்குப் பசியாற இன்னொரு பழம் வைக்கத்தான். பரமதத்தன் என்ன செய்தான்? பயந்துபோய்க் கப்பலேறி, வேறு ஊரில் வேறு கல்யாணம் செய்துகொண்டான். பிறகு தேடி வந்தவளின் காலில் குடும்பத்தோடு விழுந்தான். காலில் விழுவதும் விட்டு ஓடுவதும் ஒரே காரியம்தான் என்று புனிதவதிக்குப் புரிந்திருக்க வேண்டும். உடம்பின் தசையை உதறிவிட்டுப் பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொண்டாள். தன்னைப் பேய் என்றே சொல்லிப் பாடினாள்.

இதையெல்லாம் புராணம், நமக்கென்ன என்று விட்டுவிடலாம்தான். என்னால் விடமுடியாததற்கு அத்தைதான் காரணம்.

அத்தைக்கு முப்பத்தெட்டு வயதில் மாமா இறந்தார். பிள்ளைகள் இல்லை. மாமாவின் பங்காக ஒன்றரை ஏக்கர், கிணற்றில் கால் பங்கு. பட்டா அத்தை பெயருக்கு மாறியது. கணவன் சொத்தில் விதவைக்கு முதல் நிலை வாரிசாகப் பங்கு என்பது 1956-லிருந்து சட்டம். அதற்கும் முன்பே, 1929 செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்ட மாநிலம் இது. அத்தைக்கு இதெல்லாம் தெரியாது. நிலம் தன்னுடையது என்பது தெரியும். தானே வெங்காயம் போட்டார், தானே ஆள் வைத்தார், துறையூர் சந்தைக்குத் தானே போய் விலை பேசினார். அந்தக் கடைசி விஷயத்தைத்தான் கொழுந்தன்மாரால் தாங்க முடியவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

1991-ஆம் வருஷம். அப்போது நாங்கள் திருச்சி மாவட்டம். எனக்குப் பன்னிரண்டு வயது. பெரிய கொழுந்தனாரின் மகனுக்குக் காய்ச்சல் வந்து விடாமல் இழுத்தது. அடுத்தடுத்து இரண்டு மாடுகள் செத்தன. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பேச்சு எழுந்தது. வெளியூரிலிருந்து ஒருவரை அழைத்துவந்தார்கள். உடுக்கை, எலுமிச்சம்பழம், முட்டை, கருப்புக் கோழி. ராத்திரி கொழுந்தனார் வீட்டு வாசலில் தோண்டினார். மண்ணுக்குள்ளிருந்து தகடு எடுத்தார். கூட்டத்தில் முண்டிப் பார்த்தேன். மண்ணுக்குள் எத்தனையோ நாள் கிடந்ததாகச் சொன்ன அந்தச் செப்புத் தகடு பாத்திரக்கடையில் வாங்கியது போல மின்னியது.

வைத்தது யார் என்று கேட்டார்கள். அவருக்கு அருள் வந்தது. கண்ணை மூடி ஆடிக்கொண்டே ஒரு பெயரைச் சொன்னார். கூடியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெயரில் யார் இருக்கிறார்கள் என்று யாருக்கும் புரியவில்லை. ஏனென்றால் அத்தையை ஊரில் எல்லோரும் கூப்பிடுவது வேறு பெயர். என் அப்பாவே அந்த வேறு பெயரைத்தான் சொல்லிக் கூப்பிடுவார். அவர் சொன்ன முழுப்பெயர் ஒரே இடத்தில்தான் எழுதியிருந்தது. நிலப்பத்திரத்தில்.

செல்லியம்மனுக்கோ காளிக்கோ பத்திரம் படிக்க வேண்டிய தேவை இல்லை.

பெரியவளான பிறகுதான் இதை நான் இப்படி யோசித்தேன். அன்றைக்கு யோசிக்கவில்லை. அத்தையைத் தலைமயிரைப் பிடித்து இழுத்துவந்தார்கள். வேப்பங்குழையால் அடித்தார்கள். தகட்டைக் கழுவிய தண்ணீரைக் குடிக்கச் சொன்னார்கள். அப்பா ஒரு தடவை குறுக்கே போனார். "கூடப்பொறந்தவள்னு பாக்குறியா, ஒம் புள்ளைகளுக்கு ஒண்ணு ஆனா தெரியும்" என்று யாரோ சொன்னதும் நின்றுவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. மறுநாளிலிருந்து அத்தை வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று அம்மா சொன்னார். நான் நனைக்கவில்லை. பள்ளிக்கூடம் போகும் வழியில் அவர் வாசலில் நின்று கூப்பிடுவார், "ஏ பாப்பா, வறுத்த கடலை இருக்கு, வாங்கிட்டுப் போ" என்று. நான் எதிர்ச் சாரியில் ஓடுவேன். பயந்தேன் என்று சொன்னால் பாதி உண்மை. கதை சொன்ன அந்த வாயிலிருந்து எதுவும் வந்துவிடும் என்று நம்பினேன். ஆதிசக்தி கதை தெரிந்தவளுக்குச் சூனியம் தெரியாதா என்ன.

ஏழாவது மாதம் அத்தை கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். விலை என்று எழுதியிருந்த தொகை அவர் கையில் வரவே இல்லை. நிலம் கைமாறியதும் செய்வினையும் நின்றுவிட்டது. பையனுக்குப் பெரம்பலூரில் ஊசி போட்டார்கள், தேறினான்.

இதை நான் கூட்டங்களில் சொல்லும்போது இரண்டு வகையான ஆட்கள் எழுந்து பேசுகிறார்கள். ஒருவர் பகுத்தறிவாளர், பெரும்பாலும் ஆண். படிப்பறிவில்லாத பெண்களிடம்தான் இந்த மூடநம்பிக்கை மண்டிக்கிடக்கிறது, பெண்கள்தான் கோடாங்கியிடம் போகிறார்கள், பெண்கள்தான் சாமியாடுகிறார்கள் என்று சிரிப்பார். ஐயா, அன்றைக்கு அந்த ஆளை அழைத்துவந்தவர்கள், கூலி கொடுத்தவர்கள், பத்திரம் எழுதியவர்கள் எல்லோரும் ஆண்கள். அதில் ஒருவர் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர். நம்பிக்கை அத்தைக்கு இருந்தது. அவர்களிடம் இருந்தது கணக்கு. மூடநம்பிக்கையைப் பேசுகிறவர் அந்தக் கணக்கைப் பேசாமல் போனால் பாதி வேலைதான் செய்கிறார், அதுவும் சுலபமான பாதி.

இன்னொருவர் அம்மன் பக்தர், சில சமயம் பெண்ணியவாதி என்றும் சொல்லிக்கொள்வார். நம் மண்ணில் பெண்தான் தெய்வம், தாய்வழிச் சமூகம், சக்தி வழிபாடு, மேலைநாட்டுப் பெண்ணியம் நமக்கெதற்கு என்பார். இவரிடம்தான் எனக்குச் சண்டை அதிகம். 2021 அக்டோபரில் பெரியசாமி மலையில் சிலைகள் உடைக்கப்பட்டன. கைது நடந்தது, போராட்டம் நடந்தது, பத்திரிகைகள் எழுதின. சரிதான், உடைத்தது தவறுதான். ஆனால் அதே மலைக்கு எதிரே ஒரு பெண்ணின் தலைமயிரைப் பிடித்து இழுத்தபோது புகார் வாங்கக்கூட ஆளில்லை. 2017-ல் பெரம்பலூர் நகரில் ஒரு மந்திரவாதியின் வீட்டிலிருந்து இளம்பெண் ஒருத்தியின் சடலம் எடுக்கப்பட்டது. செத்த பிறகும் பெண் உடம்பு அவனுக்குச் சக்தி தரும் சரக்கு. செல்லியைக் கட்டிப்போட்டவன் கதைக்குள் செத்தான், கதைக்கு வெளியே சாகவில்லை. அம்மன் சிலைக்கு முன் விழுந்து கும்பிடுகிற ஊர் அம்மாவிடம் பட்டாவை விடுவதில்லை. பரமதத்தன் காலில் விழுந்த மாதிரிதான் இதுவும்.

பேய் பிடிப்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இசபெல் நபகோவ் என்ற மானுடவியலாளர் தென்னார்க்காட்டுப் பகுதியில் பேயோட்டும் சடங்குகளைப் பார்த்து 2000-ல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் பார்த்ததில், பேய் பிடித்ததாகக் கொண்டுவரப்பட்டவர்கள் பெரும்பாலும் புதிதாகக் கல்யாணமான பெண்கள். பிடித்ததாகச் சொல்லப்பட்ட பேய்களோ ஆசை தீராமல் இளம் வயதில் செத்த ஆண்கள். புகுந்த வீடு பிடிக்கவில்லை என்று ஒரு பெண் வாய்விட்டுச் சொல்ல முடியாத இடத்தில், செத்த ஆணின் குரலில் சொல்ல அனுமதி கிடைக்கிறது. சொன்னதும் அடித்து ஓட்டிவிட்டுத் திரும்ப அதே வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

சட்டம் வேண்டும் என்று கேட்பவர்களில் நானும் ஒருத்தி. பெண்ணைச் சூனியக்காரி என்று முத்திரை குத்துவதைத் தடுக்கப் பீகார் 1999-லேயே சட்டம் போட்டது. ஜார்க்கண்ட் 2001. நரேந்திர தபோல்கர் சுட்டுக்கொல்லப்பட்ட 2013-ல் மகாராஷ்டிரம் பில்லிசூனிய ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது, கர்நாடகம் 2017-ல். பெரியார் பிறந்த மாநிலத்தில் இப்படித் தனிச்சட்டம் இல்லை. ஆனால் அந்தச் சட்டங்களைப் படித்துப் பார்த்தால், அவை உடுக்கை அடித்தவனைப் பிடிக்கின்றன, பத்திரம் எழுதிக்கொண்டவனைத் தொடுவதில்லை. மிரட்டி வாங்கிய ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது. அதற்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் அவகாசம். அத்தை பகலில் தெருவில் நடக்கத் தொடங்கவே நாலு வருடம் ஆனது. சூனியக்காரி என்று ஊர் சொன்ன பெண் அந்தக் காலத்தில் எழுதிக்கொடுத்த எந்தப் பத்திரத்துக்கும் இந்தக் கெடு பொருந்தக் கூடாது, நிலம் வாங்கியவன்தான் மிரட்டவில்லை என்று நிரூபிக்க வேண்டும். நம் சட்டத்தில் இது எழுதப்பட வேண்டும். மந்திரத்தைத் தண்டிப்பது அதற்கு அடுத்ததுதான்.

கோயிலுக்குள்ளும் கண்ணைத் திருப்பிக் கேட்கிற பெண்கள் இருக்கிறார்கள். உசிலம்பட்டி பக்கத்தில் அப்பாவுக்குப் பின் தானே பூசாரியாக இருக்கிறேன் என்று நின்ற பின்னியக்காளுக்கு 2008-ல் நீதிபதி சந்துரு சாதகமாகத் தீர்ப்புக் கொடுத்தார். 2023-ல் ஸ்ரீரங்கத்தில் மூன்று பெண்கள் அர்ச்சகர் பயிற்சி முடித்தார்கள். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த அன்று அத்தைக்குப் போன் செய்து சொன்னேன். "பொம்பளை தொட்டா சாமிக்குத் தீட்டுன்னானுங்க. சாமியே பொம்பளைதானேடி" என்றார்.

ஆமாம், அத்தை இருக்கிறார். எழுபதைத் தாண்டிவிட்டார். நான் திருச்சியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு நாள் போய், அவர் சமையலறையில் உட்கார்ந்து, சோறு போடச் சொல்லிக் கேட்டேன். போட்டார். எதுவும் பேசவில்லை. எதிர்ச் சாரியில் ஓடியதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இதை எழுதலாமா என்று போன மாதம் கேட்டேன். என் பேரைப் போடாதே, மத்ததெல்லாம் எழுது என்றார். எந்தப் பேரை என்று கேட்டதற்குச் சிரித்தார்.

ஆடி மாதத் திங்கட்கிழமை ஒன்றில் சிறுவாச்சூருக்கு அழைத்துப்போனேன். அங்கே பெண்கள் பச்சரிசியை ஊறவைத்து, கோயிலிலேயே உரலில் இடித்து, வெல்லம் சேர்த்து மாவிளக்குப் போடுவார்கள். அத்தையால் உலக்கை தூக்க முடியவில்லை, நான் இடித்தேன். ஆதிசக்தி அந்தக் கண்ணைத் திருப்பிக் கேட்டாளா இல்லையா என்று இடித்துக்கொண்டே கேட்டேன். கதையில் அது வராது என்றார். கொஞ்ச நேரம் கழித்து, மாவைச் சலித்தபடி, "கேட்டிருந்தா எவன் கதையில சேப்பான்?" என்றார்.

இப்போது பட்டாவைக் கணினியிலேயே பார்க்கலாம். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் போட்டால் வந்துவிடும். மாவட்டம் பெரம்பலூர், வட்டம் ஆலத்தூர், கிராமம் செட்டிகுளம். புல எண்ணை அத்தை இன்னும் மறக்கவில்லை. அந்த ஒன்றரை ஏக்கர் கொழுந்தனாரின் பேரன் பெயரில் இருக்கிறது. இந்த வருஷம் மக்காச்சோளம் போட்டிருக்கிறார்கள்.